தேய்மானம்

வாளையாருக்கு இப்புறமோ அப்புறமோ
லாரி கவிழ்ந்தால் ஆபீஸ் என்னைத்தான் அனுப்பும்.
டார்ச், அளவு டேப், முழங்கை வரை கிரீஸ்.
கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை.
இரும்புக்கு வயது பார்த்துக் கழிப்போம்.
ரப்பர், நைலான், பிளாஸ்டிக் என்றால்
நேற்று வாங்கியதானாலும் பாதி போச்சு.

அந்தக் கணக்கில்
என் சாப்பாட்டு மேசையில் நிற்கும் டாங்கி
பெட்டியைப் பிரித்த அன்றே அரை விலை.

முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு.
சட்டத்தில் பிஞ்சுபிஞ்சாய்த் தொங்கிய துண்டுகளை
நகவெட்டியால் நறுக்கி, காம்புத் தழும்பை உரசி,
சங்கிலிக் கண்ணி மட்டும் பக்கத்துக்குத் தொண்ணூற்றாறு,
ஒவ்வொன்றாய்க் கோத்தேன்.
ஒன்று தரையில் விழுந்தது,
எறும்பு இழுத்துப்போன மாதிரி காணவில்லை.
மட்கார்டுக்குள் மறையும் இடம். யாரும் எண்ணப்போவதில்லை.
எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

ஆனியில் கணவாய்க் காற்று
ஜன்னலை அடைத்தாலும் சாவித்துளையில் வரும்.
பச்சை அடித்தேன்; ஒரு கொசுவைக் கொண்டுவந்து ஒட்டியது.
வார்னிஷ் அடித்தேன்; மழையீரம் குடித்துப் பாலாய் வெளுத்தது.
ஒர்க்‌ஷாப் ஜோய்க்குட்டி எட்டிப் பார்த்து,
"புதுசைக் கெடுக்க எதுக்கு சேச்சி இவ்வளவு பாடு?
எங்கிட்ட தாங்க, ஒரு மழை நனைய விட்டுத் தரேன்" என்றார்.

முதலிலிருந்து ஆரம்பித்தேன்.
அடியில் துருநிறம், அதன்மேல் ஈரம் தொட்ட கல்லுப்பு,
அதன்மேல் பச்சை.
காய்ந்ததும் உப்பை உதிர்த்தால்
பெயிண்ட் உரிந்த மாதிரி இருக்குமாம்.
இருந்தது. எல்லா இடத்திலும் இருந்தது.
அம்மை போட்ட உடம்பு.
ஒரு வாரம் அதோடு பேசாமல் சாப்பிட்டேன்.
பிறகு உறைத்தது,
இதே மாதிரி வண்டிகளை நான் எத்தனை தடவை
திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்று.
பொய் கிளெய்மில் அடி நாலா பக்கமும் சமமாக விழும்.
சுத்தியலுக்குத் திசை கிடையாது.
விபத்துக்கு உண்டு.

அந்த வாரம்தான் சென்னியப்பன் லாரி.
ஒட்டன்சத்திரத்து முருங்கைக்காய்,
கஞ்சிக்கோடு தாண்டி மீடியன்மேல் படுத்திருந்தது.
அவர் பாலக்காட்டில், காலுக்குக் கீழே செங்கல் தொங்க.
நான் வண்டியைச் சுற்றி வந்தேன்.
டிரைவர் பக்கத்துப் படியில், நடுவில் மட்டும்,
உள்ளங்கை அகலத்துக்கு இரும்பு வெள்ளியாய் மின்னியது.
கதவு விளிம்பில், முழங்கை சாயும் இடத்தில்
நீலம் போய், அடியில் இருந்த சிவப்பும் போய்,
வழவழவென்று ஒரு நீள்வட்டம்.
பதினோரு வருஷம்.
படிவத்தில் எழுதினேன்:
பழைய தேய்மானம், இழப்பீட்டில் சேராது.
சரியாகத்தான் எழுதினேன்.

அன்றிரவு டாங்கியை ஸ்பிரிட்டில் கழுவினேன்.
மூன்றாம் முறை பச்சை.
ஏறுகிறவன் எந்தப் பக்கமாய் ஏறுவான்?
முன்சக்கரத்தில் கால், மட்கார்டில் முட்டி,
விளக்குக் கம்பியைப் பிடித்து ஒரு தம்.
அந்த மூன்று இடத்தில் மட்டும்
பாத்திரம் தேய்க்கும் பஞ்சின் நுனியால் கரும்பழுப்பு.
நடுவே பென்சில் கரியை விரலால் தேய்த்தேன்,
இரும்பு தெரிகிற வரை.
டீசல் வாய்க்குக் கீழே ஒரே ஒரு ஒழுகல்.
புழுதிக்கு வாளையார் ரோட்டோரச் சுண்ணாம்புக்கல் தூள்,
டர்பன்டைனில் கரைத்து, சக்கரத்தோடு நிறுத்தினேன்.
மேல்மூடி விளிம்பில், கடைசியாக,
அரிசிமணி அகலத்துக்கு ஒரு முழங்கை.
அதற்கு மட்டும் மூன்று மணி நேரம்.

சென்னியப்பன் வண்டியின் எஸ்டிமேட்டோடு ஜோய்க்குட்டி வந்தார்.
கையெழுத்துப் போடும்வரை
மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.
சக்கரம், மட்கார்டு, கம்பி என்று
அவர் விரல் காற்றில் ஏறியது.
நகத்தால் மூடியைத் தூக்கினார்.
உள்ளே ஒன்றும் கிடையாது,
அந்த விலைக்கு உள்ளறை தர மாட்டார்கள்.

"ஆள் இறங்கிப் போயாச்சு" என்றார்.
மூடியைச் சத்தம் வராமல் வைத்தார்.